பழைய மஸ்டாங்குக்குப் புது மூச்சு... எந்த சூப்பர்சார்ஜர் சரிப்பட்டு வரும்?

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் இது சகஜமான காட்சி. கராஜ் கதவைத் தூக்கினால், உள்ளே துணி போர்த்திய ஒரு கார். 1980-களின் கடைசியில் அப்பா இளவட்டமாக இருந்தபோது தவணை கட்டி வாங்கிய ஃபோர்டு மஸ்டாங் 5.0. அந்த வண்டி இப்போது மகன் கைக்கு வந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் வி8 இன்ஜின் அதே கர்ஜனையோடுதான் கிளம்புகிறது. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும், பக்கத்தில் நிற்கும் சாதாரணக் குடும்பக் கார் சத்தமே இல்லாமல் முந்திப் போய்விடுகிறது. அன்று இரவே மகன் மொபைலில் சூப்பர்சார்ஜர் தேட ஆரம்பித்துவிடுவார்.

தேடலில் சிக்குவது ஏகப்பட்ட பிராண்டுகள், ஏகப்பட்ட எண்கள். தப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போவது பணம் மட்டுமல்ல. 30 வருடங்களுக்கு மேல் வீட்டில் ஒருவராக இருந்த வண்டியின் இன்ஜினே போய்விடும். அதுவும் சில விநாடிகளில்!

முதலில் வண்டியைப் பார்த்துவிடலாம். 1979 முதல் 1993 வரை வந்த இந்தத் தலைமுறையை ரசிகர்கள் 'ஃபாக்ஸ் பாடி' என்று செல்லமாக அழைப்பார்கள். பேட்ஜில் 5.0 என்று இருந்தாலும் இன்ஜினின் உண்மையான அளவு 4,942 சிசி. 5 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 1987 முதல் 1992 வரை வந்தவற்றில் 225 குதிரைத்திறன், சுமார் 407 என்எம் டார்க். கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல் போலீஸாரே 1982-லிருந்து இந்தத் தலைமுறை மஸ்டாங்கை வாங்கித் துரத்தல் வேலைக்கு வைத்திருந்தார்கள் என்றால், அந்தக் காலத்தில் இது எவ்வளவு வேகமான வண்டி என்பது புரியும்.

கொல்லன் துருத்திதான், வேறொன்றுமில்லை

கொல்லன் பட்டறையில் துருத்தியை அமுக்கினால் அடுப்பு பளபளவென எரிகிறதே... சூப்பர்சார்ஜர் செய்வதும் அதைத்தான். இன்ஜின் தானாக உறிஞ்சும் காற்று போதாது என்று, ஒரு பம்ப் வைத்துக் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம், சக்தி கூடும். டர்போவை வெளியேறும் புகை சுற்றுகிறது. சூப்பர்சார்ஜரை இன்ஜினே ஒரு பெல்ட் மூலம் சுற்றுகிறது. ஆக, கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கைத் தானே தின்றுவிட்டுத்தான் மிச்சத்தைத் தரும்.

இதன் பூர்வீகம் கார் அல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கானர்ஸ்வில் என்ற சிற்றூரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதப் பயன்பட்டது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களில் அதே வகை ஊதுகருவி வந்தது. அவற்றைக் கழற்றி வி8 தலையில் வைத்து ரேஸ் ஓட்டியவர்கள்தான் அமெரிக்க 'ஹாட் ராட்' இளைஞர்கள். பானெட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு பெட்டி வெளியே நிற்கும் கார்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது '6-71' என்ற ஊதுகருவி. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் கொண்ட டீசல் இன்ஜினுக்காகச் செய்தது என்பதால் அந்தப் பெயர்.

மஸ்டாங்குக்கும் சூப்பர்சார்ஜருக்கும் சொந்தம் புதிதில்லை. 1966-ல் ஷெல்பி ஜிடி350 மஸ்டாங் வாங்கியவர்கள், விருப்பப்பட்டால் பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜர் போட்டே வாங்க முடிந்தது.

மூன்று வகை, மூன்று குணம்

இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ரூட்ஸ் வகையில் இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று காற்றை வாரி இன்ஜினுக்குள் கொட்டும். ட்வின் ஸ்க்ரூ என்பது ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோல்ம் 1930-களில் உருவாக்கிய திருகு வடிவம். இதில் காற்று உள்ளேயே நசுக்கப்பட்டு வெளியே வரும். மூன்றாவது, சென்ட்ரிஃப்யூகல். பார்க்க நத்தைக்கூடு மாதிரி, டர்போவின் பாதி போலவே இருக்கும். உள்ளே இருக்கும் விசிறி நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கும் மேல் சுழலும்.

குணத்தில் இவை ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ரூட்ஸும் ஸ்க்ரூவும் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதுமே முழு அழுத்தம் கொடுப்பவை. 2,000 ஆர்பிஎம்மிலேயே முதுகை சீட்டோடு அழுத்தும். சென்ட்ரிஃப்யூகலோ பொறுமைசாலி. அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 6,000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ தருகிறது என்றால், 3,000-ல் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐதான் இருக்கும். ஊருக்குள் போகும்போது அது இருப்பதே தெரியாது. மேலே போகப் போக இன்ஜினுக்கு வேறு சுபாவம் வந்துவிடும்.

இதைக் கேட்டதும் எல்லோரும் முதல் இரண்டைத்தான் விரும்புவார்கள். தொட்டவுடன் சக்தி யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், ஃபாக்ஸ் பாடி விஷயத்தில் இங்கேதான் சிக்கல். இந்த வண்டியின் டி-5 என்ற ஐந்து கியர் பாக்ஸ், 1990-களின் மாடல்களிலேயே சுமார் 407 என்எம் டார்க் தாங்கத்தான் கணக்கிடப்பட்டது. அதாவது, இன்ஜின் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே கியர்பாக்ஸின் எல்லையில்தான் நிற்கிறது! குறைந்த வேகத்தில் திடீரென்று டார்க்கைக் கொட்டும் சூப்பர்சார்ஜர், அந்தக் கியர் பற்களின் மேல்தான் முதலில் கை வைக்கும். சென்ட்ரிஃப்யூகல் தன் சக்தியை மேல் வேகத்தில் தருவதால், கியர்பாக்ஸுக்கும் பின் டயருக்கும் அடி குறைவு.

இட வசதியும் பார்க்க வேண்டும். ரூட்ஸும் ஸ்க்ரூவும் இன்ஜினின் தலையில் உட்காருபவை; பானெட் மூடுமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். சென்ட்ரிஃப்யூகல், பக்கவாட்டில் ஒரு பிராக்கெட்டில் தொங்கும். வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வார இறுதியில் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிடலாம். பழைய காரை அசல் நிலையில் வைத்திருக்க ஆசைப்படுபவருக்கு இது பெரிய நிம்மதி. சென்ட்ரிஃப்யூகலிலும் ஒரு கேள்வி இருக்கிறது: ஆயில் எங்கிருந்து வருகிறது? சில மாடல்கள் இன்ஜின் ஆயிலையே எடுத்துக்கொள்ளும். அதற்காக ஆயில் சம்ப்பில் ஓட்டை போட வேண்டும். சிலவற்றில் தனி ஆயில் உள்ளேயே இருக்கும். ஓட்டை போட மனசு வராதவர்களுக்கு இரண்டாவதுதான் சரி.

ஆக, கியர்பாக்ஸை மாற்றும் எண்ணமில்லாமல், தெருவில் ஓட்டவே வைத்திருக்கும் ஃபாக்ஸ் பாடிக்கு 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை தரும் சென்ட்ரிஃப்யூகல்தான் புத்திசாலித்தனமான தேர்வு. கியர்பாக்ஸ், கிளட்ச், பின் ஆக்ஸில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியவர்கள் தாராளமாக ஸ்க்ரூ பக்கம் போகலாம். ஓட்டும் சுகம் அதில்தான் அதிகம் என்பதை மறுக்க முடியாது.

பூஸ்ட் மீட்டர் சொல்லும் பாதி உண்மை

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எண், பிஎஸ்ஐ. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 7 சேர்த்தால் அழுத்தம் 48 சதவிகிதம் கூடுகிறது. அப்படியென்றால் சக்தியும் 48 சதவிகிதமா? இல்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுமே, அதே கதைதான். நசுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்று விரியும். விரிந்தால் அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 7 பிஎஸ்ஐக்கு நசுக்கினால், 70 சதவிகிதத் திறன் கொண்ட சூப்பர்சார்ஜரிலிருந்து சுமார் 80 டிகிரியில் வெளிவரும். 55 சதவிகிதத் திறன்தான் என்றால் 95 டிகிரி. மீட்டரில் இரண்டுமே 7 பிஎஸ்ஐதான் காட்டும்! ஆனால் இன்ஜினுக்குப் போவது வெவ்வேறு காற்று. அதனால்தான் இன்டர்கூலர் உள்ள கிட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு இல்லை. 5 பிஎஸ்ஐ போதும் என்பவர் தவிர்க்கலாம். 8-ஐத் தாண்டுபவர் தவிர்க்கவே கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மீட்டரில் தெரிவது இன்ஜினுக்குள் போன காற்றின் அளவு இல்லை. உள்ளே போக முடியாமல் வாசலில் நெரிசலில் நிற்கும் காற்றின் அளவு. ஃபாக்ஸ் பாடியின் அசல் சிலிண்டர் ஹெட்டுகள் மூச்சுத்திணறலுக்குப் பேர்போனவை. அவற்றை மாற்றி நல்ல ஹெட்டுகள் போட்டால், அதே சூப்பர்சார்ஜர், அதே புல்லியில், மீட்டர் 8-லிருந்து 6-க்கு இறங்கும். சக்தியோ கூடியிருக்கும். இது புரியாமல், பூஸ்ட் குறைந்துவிட்டதே என்று பதறிச் சின்ன புல்லியை மாட்டுபவர்கள் நிறைய.

கோலிக்குண்டு சத்தம்

அந்தச் சின்ன புல்லிதான் பல இன்ஜின்களுக்கு எமன். சூப்பர்சார்ஜர் பக்கத்துப் புல்லியைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுற்றும், பூஸ்ட் கூடும். விலையும் குறைவு, அரை மணி நேர வேலை. 'இன்னும் 2 பிஎஸ்ஐதானே' என்ற ஆசை யாரை விட்டது?

இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் 9:1. அதன்மேல் 7 பிஎஸ்ஐ ஏற்றினால், தோராயக் கணக்கில் 13:1-க்கு மேல் கம்ப்ரெஷன் உள்ள இன்ஜின் அனுபவிக்கும் நெருக்கடி உள்ளே உருவாகும். அப்போது ஸ்பார்க் பற்றவைத்த நெருப்பு பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். சாதாரண இன்ஜினில் இது எச்சரிக்கை மணி. பூஸ்ட்டில் ஓடும் இன்ஜினில் சத்தம் கேட்டு முடிப்பதற்குள் ஹெட் கேஸ்கெட் ஊதியிருக்கும், அல்லது பிஸ்டன் உடைந்திருக்கும்.

இந்த இடத்தில் வண்டியின் வருடம் முக்கியம். 1987 முதல் 1992 வரையிலான 5.0-களில் ஃபோர்ஜ்டு பிஸ்டன்; கொஞ்சம் அடி தாங்கும். 1993-ல் வந்தது ஹைப்பர்யூடெக்டிக் வகை வார்ப்பு பிஸ்டன்; அதற்கு நாக்கிங் என்றாலே ஆகாது. அதேபோல, 1989 முதல் அமெரிக்கா முழுக்க விற்ற வண்டிகளில் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் மீட்டர் உண்டு. அதற்கு முந்தையவை பெரும்பாலும் காற்றை ஊகித்துக் கணக்குப்போடும் ரகம். கூடுதல் காற்று வந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். அந்த வண்டிக்காரர்கள் முதலில் மாஸ் ஏர் முறைக்கு மாற வேண்டும். அதன் பிறகுதான் சூப்பர்சார்ஜர் பேச்சு. எந்த வருட வண்டியாக இருந்தாலும், சக்கரத்தில் 500 குதிரைத்திறன் பக்கம் போனால் இந்த இன்ஜினின் பிளாக்கே இரண்டாகப் பிளக்கும் என்பது அமெரிக்க மெக்கானிக்குகள் மத்தியில் பிரசித்தம்.

பெட்ரோல் கணக்கை ஒரு காகிதத்திலேயே போட்டுவிடலாம். அசல் இன்ஜெக்டர் ஒன்று மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் தரும். எட்டுக்கும் சேர்த்து 152. இன்ஜெக்டரை 85 சதவிகிதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதால், கையில் இருப்பது 129. பூஸ்ட் ஏறிய இன்ஜினுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு சுமார் 0.6 பவுண்டு தேவை. வகுத்துப் பார்த்தால் 215 குதிரைத்திறனோடு கதை முடிந்தது! 350 குதிரைத்திறன் ஆசைப்பட்டால் ஒவ்வோர் இன்ஜெக்டரும் மணிக்கு 31 பவுண்டு தர வேண்டும். 30 பவுண்டு இன்ஜெக்டர் கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. 36 போட்டால் நிம்மதி. அதற்கேற்ற ஃப்யூவல் பம்ப்பும் வேண்டும். பழைய கிட்டுகளில் பெரிய இன்ஜெக்டருக்குப் பதிலாக, பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றிவிடும் ஒரு வால்வைக் கொடுப்பார்கள். அன்றைக்கு அது ஓடியது. இன்று கம்ப்யூட்டர் ட்யூனிங் கிடைக்கும்போது அதை நம்பத் தேவையில்லை.

பெட்ரோலில் அமெரிக்க பங்க்குகளின் பிரீமியம், அதாவது 91 அல்லது 93 ஆக்டேன் கட்டாயம். (நம் ஊர் பங்க்குகளில் பார்க்கும் 91, 95 எல்லாம் வேறு அளவுமுறை. அமெரிக்காவின் 93, நம் கணக்கில் சுமார் 98.)

கிட் வாங்கும் முன் கையில் டார்ச்

புதிய கிட் என்றால் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதால் செகண்ட் ஹேண்ட் பக்கம் கண் போவது இயல்பு. வாங்கலாம். ஆனால், புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டு ஆடினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். கையால் சுற்றும்போது கரகர சத்தம் வந்தால் நடையைக் கட்டுங்கள். பிராக்கெட், போல்ட், பெல்ட் டென்ஷனர் எல்லாம் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். 1994-95 மஸ்டாங்கிலும் இதே குடும்பத்து 5.0 இன்ஜின்தான், ஆனால் பெல்ட் அமைப்பு வேறு. அந்த கிட்டின் பிராக்கெட் ஃபாக்ஸ் பாடியில் உட்காராது. விற்பவர் சொல்ல மாட்டார்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது சொந்த வண்டியை. எட்டு சிலிண்டர்களுக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட். ஒரே ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டினாலும் சூப்பர்சார்ஜர் பணம் இன்ஜின் வேலைக்குப் போக வேண்டியதுதான். வெடிப்பு விட்ட பெட்ரோல் ஹோஸ், அடைத்த ரேடியேட்டர் எல்லாம் சொல்லாமலே தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று, இன்ஜின் முன்னால் இருக்கும் பேலன்ஸர். நடுவில் ஒரு இரும்பு, வெளியே ஒரு வளையம், இடையில் ரப்பர். 30 வருடத்தில் அந்த ரப்பர் காய்ந்து, வெளி வளையம் நகர்ந்துவிடும். இக்னிஷன் டைமிங் குறி இருப்பதோ அந்த வெளி வளையத்தில்! மெக்கானிக் சரியாக 10 டிகிரி வைத்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் அது 15 ஆக இருக்கலாம். பூஸ்ட் இல்லாதவரை வண்டி சமாளிக்கும். சூப்பர்சார்ஜர் வந்த பிறகு அந்த 5 டிகிரி போதும், பிஸ்டனைக் காவு வாங்க.

பிரேக்கையும் மறந்துவிடக் கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்தைவிட 140-ல் வண்டியை நிறுத்த இரண்டு மடங்கு சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். இந்த 5.0-களில் பின்னால் டிரம் பிரேக். பின் சஸ்பென்ஷன் கைகள் பாடியில் மாட்டும் இடங்களும் விரிசலுக்குப் பெயர்பெற்றவை. வெல்டிங் செய்து வலுப்படுத்தாமல் சக்தியைக் கூட்டுவது ஆபத்து. வீட்டில் இருப்பவர்களை ஏற்றிப் போகப் போகிற வண்டி என்றால், முதல் செலவு இங்கேதான்.

சட்டமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1976-க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். அந்த மாநிலக் காற்று வாரியம் எண் போட்டு அனுமதித்த கிட் இல்லையென்றால், எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் பரிசோதனையில் தேறாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதும் அவசியம்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. இந்த மஸ்டாங்குகள் பலவற்றில் பின் ஆக்ஸில் கியர் 2.73 அல்லது 3.08, மைலேஜுக்காக வைத்தது. அதை 3.55 அல்லது 3.73 ஆக மாற்றினாலே வண்டி வேறு ஆளாகத் துள்ளும். சிக்னலில் முந்துவது மட்டும்தான் ஆசை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சூப்பர்சார்ஜர்தான் வேண்டும் என்று முடிவெடுத்துப் பூட்டிவிட்டால், முதல் ஓட்டம் ரோட்டில் வேண்டாம். டைனோவில் ட்யூனர் கையில் நடக்கட்டும். ஸ்பார்க் ப்ளக் ஒரு படி குளிர்ந்த ரகமாகவும், இடைவெளி அசல் 1.4 மில்லிமீட்டரிலிருந்து 0.9-க்குக் குறைத்தும் இருக்க வேண்டும். முழு பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-லிருந்து 12-க்குள் நிற்கிறதா என்று பார்ப்பார். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, எட்டு ப்ளக்குகளையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் பொடிப்பொடியாகக் கருப்பும் வெள்ளியும் தெரிந்தால், அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, டைமிங்கைக் குறைக்கச் சொல்லி ட்யூனருக்கு போன் போடுங்கள்.